உப்புக் கரையில் கோய்க் குளமும் நீர்த்தாவரங்களும்

தோட்டக் குளத்தில் கோய் கெண்டையையும் நீர்த்தாவரங்களையும் ஒருசேர வளர்க்க இயலுமா என்ற கேள்விக்கு இதுவரை எழுதப்பட்ட விடைகளுள் பெரும்பாலானவை குளிர்நாடுகளின் அனுபவத்திலிருந்து பிறந்தவையாதலின், அவை மீன் செடியைத் தின்றுவிடுமா என்ற அச்சத்தையே முதன்மைப்படுத்துகின்றன. ஆண்டு மழை 650 மில்லிமீட்டரை ஒட்டியே அமைவதும், நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதும், ஆனி ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வறண்ட காற்று ஓயாமல் வீசுவதுமான தூத்துக்குடிக் கரையில் அந்த அச்சம் இரண்டாம் இடத்துக்குரியது. இங்கு முதலில் கேட்க வேண்டியது, குளத்தில் நிற்கும் நீரில் அந்தச் செடி உயிரோடு இருக்குமா என்பதுதான். கெண்டை பொறுத்துக்கொள்ளும் உப்பைச் செடி பொறுப்பதில்லை. ஆகவே இந்தக் கரையில் குளத்தின் தரத்துக்கு எல்லை வகுப்பது மீனன்று, செடியே என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மீனின் இயல்பை முதலில் நோக்குவது தகும். கோய் என்பது தனியொரு காட்டு மீனன்று; சாதாக் கெண்டை எனத் தமிழ்நாட்டு மீன்பண்ணைகளில் வழங்கும் இனத்தின் நிறவேறுபாடுகளை, ஜப்பானின் நீகாட்டா மலைப்பகுதி நெல் உழவர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததன் விளைவே அது. 1914இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகே ஜப்பானின் பிற பகுதியினர் அதைப் பரவலாக அறிந்தனர். அதன் உறவான கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து உதகமண்டலம் ஏரிக்குக் கொண்டுவரப்பட்டதும், வெப்ப நீருக்கு ஏற்ற மற்றொரு வகை 1957இல் பாங்காக்கிலிருந்து கட்டாக்குக்கு வந்ததும் இந்திய மீன்வள வரலாற்றில் பதிவானவை. எனவே தமிழகக் குளங்களுக்குக் கோய் முற்றிலும் அந்நியம் அன்று. நிறம் மட்டுமே புதிது.

இந்த இனத்துக்குத் தாடையில் பல் இல்லை. மண்ணை வாயால் உறிஞ்சி, அதிலுள்ள புழுவையும் விதையையும் சல்லடைபோல் பிரித்து, எஞ்சியதை உமிழ்வதும், தொண்டையிலுள்ள பற்களால் கடினமானவற்றை நசுக்குவதும் அதன் உணவு முறை. ஆகவே கோய் செடியை அழிப்பது பெரும்பாலும் பசியால் அன்று. வேரைச் சூழ்ந்த மண்ணைக் கிளறுவதால் செடி பிடுங்கப்பட்டு மிதக்கிறது, கலங்கிய நீரில் ஒளி குறைந்து முழுகிய தாவரங்கள் அழுகுகின்றன. மெல்லிய தளிர்களையும் மிதக்கும் சிற்றிலைச் செடியான லெம்னாவையும் வள்ளைக்கீரையையும் அது விரும்பித் தின்பது உண்மையே. ஆனால் அல்லியின் தடித்த இலையைக் கடித்துப் பார்த்து விட்டுவிடுவதே மிகுதி. ஒரு சாண் நீளத்துக்குட்பட்ட குஞ்சுகள் செடிக்குப் பெரிய கேடு செய்வதில்லை என்பதும், இரண்டு அடியை நெருங்கும் முதிர்ந்த மீன்கள் தொட்டியையே கவிழ்க்கும் என்பதும் வளர்ப்போர் அனைவரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. மீன் சிறிதாக இருக்கும்போது வெற்றிகரமாகத் தோன்றும் குளம் மூன்றாம் ஆண்டில் வெறுங்குளமாவதன் காரணம் இதுவே.

ஜப்பானிய மரபில் கோய்க் குளம் பெரும்பாலும் செடியற்றது. மேலிருந்து மீனின் முதுகு வண்ணத்தைக் காண்பதே நோக்கமாதலின், செங்குத்துச் சுவரும் ஆழமும் தெளிந்த நீரும் வலிய வடிகட்டியும் போதுமானவையாகக் கருதப்பட்டன. அல்லியும் நாணலும் சூழ்ந்த தோட்டக் குளம் ஐரோப்பியத் தோட்டக்கலை வழிவந்தது. இவ்விரண்டையும் ஒரே பள்ளத்தில் பொருத்த முயன்றதிலிருந்தே இன்றைய சிக்கல் எழுந்தது எனலாம். இவற்றுள் எது சிறந்தது என்ற வாதம் பயனற்றது. நிழலில்லாத நீர் நண்பகலில் வெந்நீராகிவிடும் தூத்துக்குடியில் செடியற்ற குளத்துக்குக் கூரையாவது வேண்டும் என்பதை மட்டும் குறிப்பிட்டு அடுத்துச் செல்லலாம்.

நீர் பற்றிய பகுதியே இக்கேள்வியின் மையம். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை டி.டி.எஸ். என்ற பெயரில் இன்று குடிநீர் விற்பவர்கள்கூடக் கைக்கருவியால் அளந்து சொல்கின்றனர். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் வரையறுக்கிறது. தாமிரபரணியிலிருந்து குழாய் வழி வரும் நீர் இவ்வரம்புக்குள் வசதியாக அமையும். கரையோரக் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் அவ்வாறு அமைவதில்லை. வேப்பலோடை, முள்ளக்காடு, ஆறுமுகநேரி என உப்பளங்கள் நீளும் கரையில் இது வியப்பன்று.

எந்த நீரைக் கொண்டு தொடங்கினாலும் அது அப்படியே இருப்பதில்லை. 1.2 மீட்டர் ஆழமுள்ள ஒரு குளத்திலிருந்து வெயிலும் காற்றும் சேர்ந்து நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீரை எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 180 மில்லிமீட்டர், அதாவது குளத்தின் கொள்ளளவில் 15 விழுக்காடு ஆவியாகிறது. நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவை லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புள்ள கிணற்று நீரால் ஈடுசெய்துகொண்டே இருந்தால் மாதந்தோறும் லிட்டருக்கு 150 மில்லிகிராம் கூடி, ஏழே மாதத்தில் குளம் 2000ஐத் தாண்டிவிடும். உப்பளத்துப் பாத்தியில் நடப்பதும் இதே வேலைதான்; வேகம் மட்டுமே வேறு. மாசி முதல் புரட்டாசி வரை பெருமழை காணாத ஊரில் ஏழு மாதம் என்பது ஒரே கோடைக்குள் அடங்கும் காலம்.

இதற்கு மருந்து எளிது. ஆனால் தண்ணீரின் மதிப்பறிந்த ஊரில் மனம் ஒப்பாதது. ஆவியாகும் அளவுக்கு நிகரான பழைய நீரை ஒவ்வொரு வாரமும் அடியிலிருந்து வெளியேற்றினால், குளத்தின் உப்பு, ஊற்றும் நீரின் உப்பைப்போல் இரு மடங்கில் நிலைத்துவிடும் என்பது பாசனப் பொறியியலில் பழகிய கணக்கு. ஊற்றும் நீர் 300 என்றால் குளம் 600இல் நிற்கும், அல்லி பூக்கும். ஊற்றும் நீர் 1500 என்றால் குளம் 3000இல் நிற்கும், அல்லிக்கு அங்கு இடமில்லை. வெளியேற்றிய நீரைத் தென்னைக்குப் பாய்ச்சினால் அதிலுள்ள தழைச்சத்தும் வீணாகாது. தென்னை ஓரளவு உவர்ப்பைத் தாங்கும் மரம். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பில் கூரை நீரின் ஒரு பங்கைத் தொட்டியில் நிறுத்திக் கோடையில் குளத்துக்கு விடுவது இதனினும் நல்ல வழி. குழாய் நீராயின் அதிலுள்ள குளோரின் மீனின் செவுளைச் சுடும் என்பதால், திறந்த தொட்டியில் ஒரு நாள் நிறுத்தியோ, மீன் கடைகளில் கிடைக்கும் தயோசல்பேட் படிகங்களைக் கரைத்தோ விடுவது வழக்கம்.

உப்பைக் குறித்து வளர்ப்போரிடையே ஒரு முரண்பாடு உண்டு. ஒட்டுண்ணி கண்டாலும் மீன் சோர்ந்தாலும் லிட்டருக்கு 3 கிராம் வீதம் கல்லுப்பைக் கரைப்பது கோய் வளர்ப்பில் உலகெங்கும் உள்ள முதலுதவி. நைட்ரைட் என்ற நச்சு செவுள் வழி இரத்தத்தில் புகுவதை உப்பிலுள்ள குளோரைடு தடுக்கிறது என்பதும் நிறுவப்பட்ட செய்தி. கெண்டை லிட்டருக்கு 5 கிராம் வரை பெரிதும் வாடாமல் தாங்கும். அதே 3 கிராமில் தாமரையின் இலையோரம் பழுப்பாகிக் கருகும், லெம்னா வாடும். உப்பு மலிந்த ஊரில் ஒரு மூடையைக் குளத்தில் கவிழ்க்கக் கை தயங்குவதில்லை. மீன் பிழைத்துச் செடி போன பிறகே அதன் விலை தெரியும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கு உப்பிடுவதே செடியுள்ள குளத்துக்குரிய முறை.

செடிகள் குளத்துக்குச் செய்யும் தொண்டு குறித்து மிகையான நம்பிக்கை நிலவுவதால், அதை எண்ணால் அளந்து பார்ப்பது தேவை. புரதம் 35 விழுக்காடு உள்ள மீன் தீவனம் 100 கிராமில் நைட்ரஜன் 5.6 கிராம். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மீனின் உடலில் சேர, எஞ்சிய 4 கிராம் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே நீரில் கலக்கிறது. இந்த 4 கிராமையும் லெம்னாவே உறிஞ்ச வேண்டுமானால், அதன் உலர் எடையில் 5 விழுக்காடு நைட்ரஜன் எனக் கொண்டால், நாள்தோறும் 80 கிராம் உலர்ந்த, அதாவது ஒன்றரைக் கிலோவை நெருங்கும் பச்சைச் செடியை அறுத்து வெளியேற்ற வேண்டும். அதற்கு எட்டு சதுர மீட்டர் பரப்பில் செழிப்பான வளர்ச்சி தேவை. நான்கு தொட்டி அல்லி இதில் சிறு பங்கைக்கூடச் செய்யாது. ஆகவே செடி, வடிகட்டிக்குத் துணையே தவிர மாற்றன்று. அறுத்து வெளியேற்றப்படாத செடி உறிஞ்சியதெல்லாம் அழுகும்போது மீண்டும் குளத்துக்கே திரும்பும் என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இங்கு அசோலா பற்றி ஒரு தெளிவு வேண்டும். கன்னியாகுமரியிலுள்ள விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டத்தின் முயற்சியால் கால்நடைத் தீவனமாகத் தென்மாவட்டங்களில் பரவிய இந்த மிதக்கும் பெரணிச் செடி, கோய்க்கு நல்ல உணவு. ஆனால் அதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றின் நைட்ரஜனையே பிடித்துத் தருவதால், நீரிலுள்ள நைட்ரஜனைக் குறைக்கும் வேலைக்கு அது ஏற்றதன்று. தனித் தொட்டியில் வளர்த்து அள்ளிப் போடுவதே அதற்குரிய இடம்.

அமோனியாவின் நச்சு அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று. 30 பாகை வெப்பத்தில் நீரின் காரகாடித்தன்மை எண் 7.5 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் இரண்டரை விழுக்காடே நச்சு வடிவில் இருக்க, அதே எண் 8.5ஐ எட்டும்போது ஐந்தில் ஒரு பங்கு நச்சாகிறது. சுண்ணம் மிகுந்த இக்கரை நீர் இயல்பிலேயே 8ஐ ஒட்டி நிற்பது. வேலம்பாசி போன்ற முழுகிய தாவரங்களும் பச்சைப் பாசியும் பகலெல்லாம் நீரிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, பிற்பகலில் அந்த எண்ணை மேலும் ஏற்றுகின்றன. இலையைக் காற்றில் நீட்டும் அல்லி, தாமரை, சம்பு, கோரை ஆகியவை கரியமில வாயுவைக் காற்றிலிருந்து எடுப்பதால் இந்தத் தீங்கைச் செய்வதில்லை. இரவில் நிலைமை வேறு. 30 பாகையில் நன்னீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனையே தாங்கும். அதை முழுகிய செடியும் மீனும் விடியும்வரை பங்கிட்டுக் கொள்கின்றன. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து காற்றுக் குடிக்குமானால், மீன் மிகுந்ததைப் போலவே செடி மிகுந்ததும் காரணமாக இருக்கக்கூடும். முழுகிய தாவரம் மீன்தொட்டிக்கு அழகு. வெப்பக்கரைக் கோய்க் குளத்துக்கு அது பாரம் என்றே கூற வேண்டும்.

எனவே தேர்வு, நீருக்கு மேல் இலை விரிக்கும் தாவரங்களுக்குள் அமைகிறது. பகலில் மலரும் நீல அல்லியும் இரவில் மலரும் வெள்ளல்லி, செவ்வல்லிகளும் தாமிரபரணிப் பாசனக் குளங்களுக்கு உரியவை. குளிர்காலத்தில் உறங்கிக் கிடக்கும் குளிர்நாட்டு அல்லிகளைப் போலன்றி இவை இங்கு ஆண்டு முழுவதும் பூக்க வல்லவை. நெய்தல் திணையின் பூ இந்த நீல அல்லியே என்பது தாவரவியலார் பலரின் கருத்து. கொற்கைத் துறையின் காலத்திலிருந்தே கழிக்கரையின் பூவாக அது பாடப்பட்டது, மென்னுவர்ப்பை அது தாங்கும் என்ற வளர்ப்பு அனுபவத்தோடு பொருந்துகிறது. தாமரை கன்னியாகுமரி மாவட்டக் குளங்களில் வணிகப் பயிராகவே வளர்ந்து தோவாளைச் சந்தைக்குப் போகும் பூ. அதற்கு முழு வெயிலும் அகலமான வண்டல் படுக்கையும் வேண்டும், மீன் கிளறாத இடமும் வேண்டும். கோய்க் குளத்துக்குள் தாமரை என்பது பெரும்பாலும் நிறைவேறாத ஆசை. தனித்தொட்டியில் வைத்தால் செழிக்கும்.

குளத்துக்குள் அல்லி வைப்போர் அகன்ற தொட்டியில் குளத்து வண்டலை நிரப்பி, மேலே மீனின் வாய்க்குள் அடங்காத அளவுள்ள கூழாங்கற்களை ஒரு கை உயரம் பரப்புவது போதிய காப்பு. சாத்தான்குளம் பக்கத்துத் தேரிச் செம்மணலில் சத்தில்லை. விளாத்திகுளம் கரிசல் ஊறி உப்பி நீரைக் கலக்கும். ஆற்றுப் பாசனக் குளங்களின் வண்டலே இரண்டுக்கும் நடுவானது, அதையும் உரிய அனுமதியோடு எடுக்கலாம். தொட்டியின் விளிம்பு நீர்மட்டத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை அடி கீழே இருந்தால் போதும். காற்றுக்காலத்தில் இலைகள் புரண்டு கிழிவதைத் தடுக்க மேற்குப் பக்கம் ஒரு வேலியோ சுவரோ இருப்பது நலம். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது கார நீரில் செடிக்கு இரும்பு கிட்டாததன் அடையாளம். கீலேட் வடிவிலான இரும்பைத் தொட்டி மண்ணில் புதைத்தால் தேறும்.

ஆனால் இக்கரைக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு, செடிகளை மீனிடமிருந்து முற்றிலும் பிரித்து, குளத்தையொட்டிச் சற்று உயரத்தில் அமைக்கும் ஜல்லிப் படுக்கைதான். குளப் பரப்பில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை பரப்பும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள தொட்டியில், துளையிட்ட பி.வி.சி. குழாயை அடியில் பதித்து, அதன்மேல் கருங்கல் ஜல்லியை நிரப்பி, மோட்டாரால் குளத்து நீரை அடியிலிருந்து மேலேற்றி, மறுபக்கம் வழிந்து குளத்தில் விழச் செய்வது இதன் அமைப்பு. ஜல்லியின் மேல் படியும் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்ற, அந்த நைட்ரேட்டைச் செடியின் வேர் உண்கிறது. சிப்பியும் பவளக்கல்லும் இங்கு மலிவாகக் கிடைத்தாலும் அவை நீரின் சுண்ணத்தை மேலும் கூட்டுமாதலால் தவிர்க்கத்தக்கவை. நீர் ஜல்லிக்கு மேல் தேங்காதபடி மட்டத்தை வைப்பது கட்டாயம். தேங்கினால் மீனில்லாத அந்தப் படுக்கை கொசுப் பண்ணையாகிவிடும்.

இப்படுக்கையில் எதை நடுவது என்பதை நீரின் உப்பே முடிவு செய்யும். ஆற்று நீர் உள்ளவர்களுக்குக் கல்வாழை, வள்ளைக்கீரை, நீராரை, கோரை என எதுவும் வளரும். பத்தமடைப் பாய்க்குப் பயன்படும் கோரை வகைகள் இதே ஆற்றுப் படுகையின் செல்வம். லிட்டருக்கு 2 கிராமை எட்டும் கிணற்று நீரானால் சம்பு, நீர்ப்பிரமி, வெட்டிவேர் மூன்றுமே நம்பத்தக்கவை. நீர்ப்பிரமி உவர்க்கழியோரங்களில் இயல்பாகவே படர்வது. வெட்டிவேர் லிட்டருக்குச் சில கிராம் உப்பிலும் வேர் விடுவது. சம்பு மட்டும் வேரால் படுக்கையையே கைப்பற்றிக் கொள்ளும் இயல்புடையதாதலின் தனி அறையில் அடக்கப்பட வேண்டும். இதற்கும் மேல் உப்பு ஏறிய நீருக்கு உப்பளக் கரையின் உமரியே எஞ்சும். கீரையாகச் சமைக்கப்படும் அந்தச் செடியை மீன்குளப் படுக்கையில் வளர்ப்பது முறையாகச் சோதித்துப் பார்க்கத் தக்க ஒன்று. 1977 முதல் தூத்துக்குடியில் இயங்கும் மீன்வளக் கல்லூரி போன்ற நிறுவனத்துக்கு இது உரிய வேலை.

மீன் முட்டையிடும் காலத்தில் மட்டும் செடி குளத்துக்குள் வந்தாக வேண்டும். கெண்டையின் முட்டை ஒட்டுந்தன்மையுடையது. ஒரு கிலோ எடையுள்ள தாய் மீன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை வேர்களிலும் தழைகளிலும் ஒட்டவைக்கும். மீன்பண்ணைகளில் இதற்கு வேலம்பாசியையும், நெல்லை தூத்துக்குடி மக்கள் அமலை என வழங்கும் வெங்காயத்தாமரையின் வேர்க்கொத்தையும் பயன்படுத்துவது பழைய வழக்கம்.

அமலையைச் சொல்லும்போது எச்சரிக்கையும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூவழகுக்காக வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்ட அச்செடி இன்று தாமிரபரணியிலும் ஸ்ரீவைகுண்டம் அணைப் பகுதியிலும் நீரை மூடி நிற்கிறது. மற்றொரு மிதக்கும் செடியான ஆகாயத்தாமரையின் வேரில் மான்சோனியா என்ற கொசுவின் புழு மூச்சுக்குழலைச் செருகி வாழும். கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோய் நிலைத்ததற்கு அதுவே காரணம். அலங்காரத்துக்கோ ஆதாயத்துக்கோ கொணர்ந்த நீர்த்தாவரம் எல்லை மீறுவது கடலிலும் நிகழ்ந்ததே: வளர்ப்புக்காக விடப்பட்ட கப்பாபைகஸ் கடற்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளப்பாறைகளின் மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர் வெளியிட்டனர்.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரில் வெள்ளம் புகுந்தபோது, தோட்டக் குளத்துக்கும் பாசனக் குளத்துக்கும் இடையே கரை என ஒன்று எஞ்சவில்லை. கெண்டை ஏற்கெனவே பாசனக் குளங்களில் வளர்க்கப்படும் மீனாதலால் தப்பிய கோயினால் வரும் கேட்டைவிட, தப்பிய செடியினால் வரும் கேடே நிலைத்தது. ஆகவே அமலையும் ஆகாயத்தாமரையும் எவ்வளவு நன்றாக நீரைத் தெளிவித்தாலும் இக்கரைத் தோட்டத்தில் இடம்பெறக் கூடாதவை. லெம்னாவைக்கூட வழிந்தோடாத மூடிய தொட்டியில் மட்டுமே வைக்கலாம். குளத்தின் வழிவாயில் நுண்கண் வலை கட்டி, அதைத் தெரு வாய்க்காலில் விடாமல் தோட்ட மண்ணிலேயே இறங்கச் செய்வதும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் படுக்கைச் செடிகளைப் பாதியாக அறுத்து, அறுத்ததை வெயிலில் சருகாகும்வரை உலர்த்திய பின்னரே தென்னந்தூரில் இடுவதும் இதற்கான ஏற்பாடுகள்.